தேயாத கடைவாய்ப் பற்கள்

பல்செட் கட்டுகிறவருக்குத் தம் கைவேலையில் இருந்த கர்வம் சொல்லி மாளாது. கடைக்கு வருகிறவர்களிடம் ஈறைப் பற்றிப் பேசுவார், தாடை எலும்பைப் பற்றிப் பேசுவார், எங்கே சுற்றினாலும் கடைசியில் முன்னறையில் உட்கார்ந்திருக்கும் தம் மனைவியிடம்தான் வந்து நிற்பார். "ஏம்மா, கொஞ்சம் சிரி" என்பார். அவள் சிரிப்பாள். "இதுல எது சொந்தப் பல்லு, எது கட்டின பல்லு? சொல்லுங்க பாப்போம்" என்று வந்தவரை வம்புக்கு இழுப்பார். வந்தவர் தலையைச் சாய்த்துப் பார்த்து, "முன்னாடி ரெண்டு மட்டும் கட்டினதோ?" என்று இழுத்தால் போதும், மனுஷனுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். "எல்லாமே கட்டினது சார்! மேலயும் கீழயும் ஒண்ணுகூட அவளோடது இல்ல!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். அவளும் கூடவே சிரிப்பாள்.

இதில் ஒளித்து வைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை, இப்போதே சொல்லிவிடலாம். அந்தப் பல்செட் அவளுக்கு வலித்தது. போட்ட முதல் நாளிலிருந்து வலித்தது. அதை வாயில் வைத்துக்கொண்டு அவளால் ஒரு துண்டு ரொட்டியைக்கூட மெல்ல முடியாது. இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஊரார் வாய்க்கெல்லாம் அளவெடுக்கிற மகராசனுக்குத் தெரியாது.

அவர்கள் இருந்தது ஒரு மாடியில். கீழே பல் டாக்டர், மேலே இவர். "அவர் எடுப்பார், நான் குடுப்பேன்" என்பது இவருடைய நைந்துபோன நகைச்சுவை. மாடியில் முன்னறை, அதில் நாலு நாற்காலியும் சுவரில் ஒரு கண்ணாடியும். அதற்குப் பின்னால் வேலை அறை. அங்கே எதைத் தொட்டாலும் விரலில் அச்சு மாவு ஒட்டும், உருகின மெழுகு வாசனை எப்போதும் அடிக்கும். அதற்கும் பின்னால் அடுக்களையும் படுக்கிற அறையும். காலையில் பல் விளக்கினதும் வேலை அறைக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள்.

மனைவிக்குப் பல் போனது ஈறு நோயால். பல் எல்லாம் நல்ல பல்தான், பிடித்து நிற்கத்தான் இடம் இல்லை. ஒவ்வொன்றாக ஆடி, ஆடினதை வைத்துக்கொண்டு அவதிப்படுவதைவிட மொத்தமாக எடுத்துவிடலாம் என்று கீழ்வீட்டு டாக்டர் எடுத்துவிட்டார். எடுத்த கையோடு இவரிடம், "மூணு நாலு மாசம் போகட்டும். எலும்பு வத்தி அடங்கட்டும். அப்புறமா செட் கட்டுங்க. உங்களுக்குப் போய் நான் சொல்லணுமா?" என்றார்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவளுக்குச் சொல்லோடு சேர்த்து சிரிப்பும் போயிற்று. கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். முன்னறைக்கு வருவதை நிறுத்தினாள். மகள் வந்து பேரனைக் காட்டியபோதுகூடக் குழந்தையைப் பார்த்துச் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவருக்கு அது பொறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவன் பெண்டாட்டி பொக்கை வாயோடு மூலையில் உட்காருவதா என்று ஒரு ரோஷம் வந்தது. அதற்கும் அடியில் அவள்மேல் வைத்த பிரியம் இருந்தது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. புண் மூடின உடனேயே அச்சு எடுத்துவிட்டார்.

முதல் தப்பு அது. இரண்டாவதுதான் பெரிய தப்பு. பல் அடுக்குகிற வேலையில் ஒரு விதி உண்டு, அவரே வருகிறவர்களுக்கெல்லாம் பாடம்போல் ஒப்பிப்பார்: பல்லை எலும்புக்கு நேராக அடுக்க வேண்டும். அழகுக்காக முன்னால் தள்ளி அடுக்கினால் உதடு நிறையும், கன்னம் எழும்பும், முகத்தில் பத்து வயசு குறையும். ஆனால் கடித்த மாத்திரத்தில் செட் முன்னால் சாயும், பின்பக்கம் எழும்பும், முன் விளிம்பு ஈறுக்குள் இறங்கும். "அழகு வேணும்னா போட்டோவுக்கு ஒரு செட், சாப்பாட்டுக்கு ஒரு செட்னு ரெண்டு கட்டிக்கங்க" என்று மற்றவர்களைக் கிண்டல் பண்ணுகிற ஆள், தம் வீட்டுக்காரிக்கு என்று வந்தபோது கல்யாணமான புதிதில் எடுத்த படத்தை மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த பல் வரிசையை அப்படியே மெழுகில் கொண்டுவந்தார். ஊருக்குத்தான் உபதேசம். எலும்பு இருந்த இடம் வேறு, அவர் பல் வைத்த இடம் வேறு. மெழுகில் பார்த்தபோதே அது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆசை கண்ணை மறைத்தது.

செட் போட்ட முதல் நாள் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ரொட்டியைக் கடித்தாள். அவளுக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"என்னம்மா? வலிக்குதா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். "இல்லீங்க" என்றாள். "மறுபடியும் கடிச்சுச் சாப்பிடுவேன்னு நெனச்சே பாக்கல. அதான்."

அவர் அதை அப்படியே நம்பினார். எழுந்து ஓடிப்போய்க் கைக்கண்ணாடியை எடுத்துவந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "பாரு, பாரு! என்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கே பாரு!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். வாயில் இருந்த ரொட்டியை அவள் மெல்லாமலே விழுங்கினாள்.

அட மனுஷா, கண்ணீருக்கும் ஆனந்தக் கண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாதா உமக்கு? மற்றவர்களுக்குச் செட் கொடுத்தால் மறுநாள் வரச் சொல்வார். மூன்றாம் நாள் வரச் சொல்வார். "வலி இல்லன்னாலும் வாங்க" என்பார். வாயைத் திறக்கச் சொல்லி, ஈறு சிவந்த இடத்தைப் பார்த்து, அந்த இடத்தில் செட்டை லேசாக உரசிக் கொடுப்பார். பத்து நிமிஷ வேலை. வீட்டுக்காரியிடம் மட்டும் ஒரு நாளும் "வாயைத் திற" என்று சொல்லவில்லை. கூடவே இருக்கிறவள்தானே, வலித்தால் சொல்லமாட்டாளா என்பது அவர் எண்ணம்.

அவள் சொல்லவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீங்க சாப்பிட்டுப் போங்க, எனக்கு இப்பப் பசிக்கல" என்பாள். அவர் வேலை அறைக்குள் போய் உரசுகிற மோட்டாரைப் போட்டதும், செட்டைக் கழற்றி ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போடுவாள். தேநீரில் நிறையச் சர்க்கரை போட்டு ரொட்டியை ஊறவைத்து உறிஞ்சுவாள். பிஸ்கட்டைப் பாலில் கரைப்பாள், வாழைப்பழத்தை மசிப்பாள். மோட்டார் சத்தம் நின்றால் செட் மறுபடி வாய்க்குள் ஏறிவிடும். கறியும் பயறும் காய்கறியும் அவருக்காகச் சமைத்தாள், அவருக்குப் பரிமாறினாள், மிஞ்சினதை மூடி வைத்தாள். அவள் வயிறு நிறைந்தது, உடம்புக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

உடம்பு கணக்குப் பார்க்காமல் விடுமா? முதலில் மலச்சிக்கல் வந்தது. பிறகு வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல். வாயின் இரு ஓரமும் வெடித்துப் புண்ணானது. தலை சீவினால் சீப்போடு கொத்தாக முடி வந்தது. போட்ட உடுப்பெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. "இந்த வயசுல உனக்கு எதுக்குடி அழகிப் போட்டி?" என்று அவர் கேலி பண்ணினார். அவளும், "உங்களுக்குப் போட்டியா இன்னொருத்தர் வராமயா போயிடுவார்?" என்று திருப்பிக் கொடுத்தாள். ஆனால் ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு வந்தவள் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே இருந்து பார்த்தவருக்குக் கேலியெல்லாம் வற்றிப்போயிற்று. கைத்தாங்கலாக அவளைத் தூக்கியபோது எலும்புதான் கையில் பட்டது.

அவளைப் பிழைக்க வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு அதற்குப் பிறகு வேறு நினைப்பு இல்லை. வயிற்று டாக்டரிடம் கூட்டிப்போனார். ரத்தம் குறைவு, சத்துக் குறைவு என்றார் டாக்டர். "என்னம்மா சாப்பிடறீங்க?" என்று அவளைக் கேட்டார்.

பதில் சொன்னது இவர். "எல்லாம் சாப்பிடுவா டாக்டர். வீட்டுல எதுக்கும் குறைச்சல் இல்ல."

"நல்லா மென்னு சாப்பிட முடியுதா?"

"என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? பல்லு நான் கட்டினது. சிரிம்மா, டாக்டருக்குக் காட்டு."

அவள் சிரித்தாள். டாக்டர் வியந்துபோய், "அடேயப்பா!" என்றார். வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. காய்கறி, கீரை, பழம், பயறு, கறி எல்லாம் நிறையச் சேர்க்கச் சொன்னார். நார்ச்சத்து போனால்தான் குடல் அசையும் என்றார். "செரிமானம் வயித்துல ஆரம்பிக்கலம்மா, வாயிலேயே ஆரம்பிக்குது. நல்லா அரைச்சு, எச்சில் கலந்து உள்ள அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அவள் அந்த அறையில் வாய் திறந்திருக்கலாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் பக்கத்தில் அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றையிலிருந்து அவளுக்குச் சோதனைக் காலம். அதுவரை தன் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு போனவர் இப்போது அவளைவிட்டு நகரவில்லை. சந்தைக்கு அவரே போனார். கேரட்டும் பீன்சும் கீரையும் கறியும் வேர்க்கடலையும் பை பையாக வந்தன. "நொறுங்கத் தின்றால் நூறு வயசு. ம், மெல்லு" என்று எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயாக எண்ணினார். வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். செட்டைக் கழற்ற அவளுக்கு வழியே இல்லை. தாடையை மட்டும் அசைத்தாள், பல் பல்லில் படாமல். பிறகு தண்ணீரைக் குடித்து விழுங்கினாள். கறி தொண்டையில் நின்றது. கேரட் நெஞ்சை அடைத்தது. வழுக்கிக்கொண்டு இறங்கியது ஆரஞ்சு ஒன்றுதான்.

"ஆரஞ்சுன்னா எனக்குப் பிடிச்சிருக்குங்க" என்று ஒரு நாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் வேலை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவரே உரித்தார். "தோலை ரொம்ப எடுக்கக் கூடாது, இந்த வெள்ளை நாருலதான் சத்து" என்று சுளையை அப்படியே நீட்டினார். அவள் வாங்கி வாயில் போட்டு, கன்னத்தை நாலு தடவை அசைத்து, முழுசாக விழுங்கினாள்.

"இன்னும் ஒண்ணு."

"போதுங்க. வயிறு கனக்குது."

"பிடிவாதம் பண்ணாத. எனக்காக."

அந்த ஒரு சொல்லைக் கேட்டால் அவள் மறுப்பதில்லை. ஆரஞ்சு உரிக்கும் அந்த நேரம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்தது அப்போதுதான்.

அந்த நாட்களில் கடைக்கு ஒரு தையற்கார அம்மா வந்தாள். புதுச்செட் கீழ்ப்பக்கம் குத்துகிறது என்று முறையிட்டாள். இவர் பார்த்து உரசிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல ஆரம்பித்தார். "கொஞ்சம் பழகிக்கணும்மா. எங்க வீட்டம்மாவைப் பாருங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வலிக்குதுன்னு சொன்னதில்ல." தையற்கார அம்மா வெட்கப்பட்டுப்போய் எழுந்தாள். படிவரை வழியனுப்பப் போன மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னது வேலை அறைவரை கேட்டது. "அவர் சொல்றதைக் கேக்காதீங்க. வலிச்சா உடனே வாங்க. நாளைக்கே வலிச்சாலும் நாளைக்கே வாங்க. பொறுத்துக்கிட்டு மட்டும் இருந்துடாதீங்க."

உள்ளே இருந்தவர் அதைக் கேட்டுப் பூரித்துப்போனார். வந்தவரைத் திரும்ப வரவழைக்கத் தெரிந்தவள், வியாபாரம் புரிந்தவள் என்று நினைத்துக்கொண்டார். அந்தக் குரல் ஏன் அப்படி நடுங்கியது என்று எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு ஒரு காலையில் அவள் அடுக்களைத் தரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். குடித்த தண்ணீர்கூட வெளியே வந்தது. வயிறு கல்லாக உப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள், குடலில் அடைப்பு, உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். தள்ளுவண்டியில் அவளை உள்ளே கொண்டுபோகும் முன் ஒரு நர்ஸ் வந்து, "இது அவங்க பல்லுங்க" என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தார்.

அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, "அடைப்பை எடுத்தாச்சு. ஆனா உடம்புல சத்தே இல்ல, அதான் பயமா இருக்கு" என்றாள். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "உள்ள என்ன இருந்தது தெரியுமா? ஆரஞ்சு. சுளை சுளையா, அப்படியே முழுசா. நாரோட நார் பின்னிக் கட்டியா அடைச்சிருக்கு. கேரட் துண்டு ரெண்டு மூணு, அதுலயும் பல்லு பட்ட அடையாளமே இல்ல. அவங்களுக்குப் பல்லு கிடையாதா? பல்லில்லாதவங்களுக்கு இதையெல்லாம் யாரு ஊட்டினது?" என்றாள்.

"பல்லு இருக்கு" என்றார் அவர்.

டாக்டரம்மா போன பிறகு சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். இந்த வேலையில் இருக்கிறவருக்குச் செட் ஒரு ஜாதகம். ஒரு வருஷம் மென்ற பல்லில் கடைவாய் மேடு மழுங்கும், பளபளப்புப் போகும், மெல்லிய கீறல்கள் விழும். ஒருவர் இடப்பக்கம் மெல்கிறவரா, வலப்பக்கம் மெல்கிறவரா என்று செட்டைப் பார்த்தே சொல்லுவார். இப்போது மேல் செட்டைத் திருப்பினார், கீழ் செட்டைத் திருப்பினார். கடைவாய்ப் பற்களில் ஒரு மேடுகூட மழுங்கவில்லை. மெருகு சக்கரத்திலிருந்து நேற்று எடுத்தது மாதிரி பளபளத்தன. வருஷம் தாண்டி வாயில் இருந்த பல் ஒரு கவளத்தைக்கூட அரைக்கவில்லை.

அவருக்கு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. முதல் நாள் வந்த கண்ணீர், "எனக்கு இப்பப் பசிக்கல", தையற்கார அம்மாவிடம் நடுங்கிய குரல், எல்லாமே. "நானே உரிச்சுக் குடுத்தேனே" என்றார் சுவரைப் பார்த்து. "ஒவ்வொரு சுளையா நானே ஊட்டினேனே, பாவி." அங்கேயே தரையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதார்.

அவளுக்கு நினைவு தெளிந்தபோது மகளும் வந்து சேர்ந்திருந்தாள். மகளை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, கையிலிருந்த பல் டப்பாவை அலமாரியில் வைத்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு, "வாயைத் திறம்மா" என்றார். ஊரில் எத்தனையோ பேரிடம் சொன்னதை முதல்முறையாக அவளிடம் சொன்னார்.

அவள் அவரைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு மெல்லத் திறந்தாள். மேல் ஈறின் முன்பக்கம் கத்தியால் கோடு போட்டது மாதிரி நீளமாக ஒரு தழும்பு, வெளுத்துத் தடித்திருந்தது. புண்ணாகி ஆறி, மறுபடி புண்ணாகி ஆறின இடம். அவர் விரல் நுனியால் அதைத் தொட்டதும் அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா சொல்லல? ஏன் எங்கிட்ட சொல்லல? பத்து நிமிஷ வேலைம்மா. உரசிக் குடுத்திருப்பேனே. அதுவும் சரியா வரலன்னா தூக்கிப் போட்டுட்டு வேற கட்டியிருப்பேனே!"

"தெரியும்." குரல் காற்றாக வந்தது. "ஊருக்கெல்லாம் செஞ்சு குடுத்தீங்க. எனக்குன்னு உங்க கையால செஞ்சது அது ஒண்ணுதான். அதைப் போய் நல்லா இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க எல்லார்கிட்டயும் காட்ட ஆரம்பிச்சுட்டீங்க. அப்புறம் சொன்னா உங்களுக்குத்தானே தலைகுனிவு?"

அவர் அவள் கையை எடுத்துத் தம் முகத்தில் வைத்துக்கொண்டார்.

"பசிக்குதுங்க" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "கஞ்சித் தண்ணி வேணாம். எதையாவது நறுக்குனு கடிக்கணும் போல இருக்கு."

"கடிக்கலாம். நான் கட்டித் தர்றேன். இந்தத் தடவை அழகு கிடையாது, சொல்லிட்டேன். எலும்பு எங்க இருக்கோ அங்கதான் பல்லு."

"சரி. பொக்கை மாதிரி இருந்தாலும் பரவால்ல" என்று அவள் சிரித்தாள். வெறும் ஈறு தெரியச் சிரித்தாள், கையால் பொத்தவில்லை.

மறுநாளே அச்சுத் தட்டோடு வந்து, கட்டிலிலேயே அவளைச் சாய்த்து உட்காரவைத்து அளவெடுத்தார். ஒவ்வொரு அசைவுக்கும் "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டார். அவள் "ஆமாம், இங்க" என்று சொல்லச் சொல்ல அவருக்கு அது வரம் மாதிரி இருந்தது. மெழுகில் அடுக்கின பல்லைக் கொண்டுவந்து வாயில் வைத்துப் பார்த்தார்கள். உதடு உள்வாங்கி, வயசானது வயசானதாகவே தெரிந்தது. அவள் மெல்ல வாயை மூடினாள். பல்லோடு பல் டக்கென்று உட்கார்ந்தது. மறுபடி திறந்து மறுபடி மூடினாள். டக், டக். "ஐய, இது வலிக்கவே இல்லையே!" என்று ஆச்சரியப்பட்டுப்போய், விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தைபோல் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தாள். "போதும், போதும், மெழுகு நசுங்கிடும்" என்று அவர் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

ஆனால் வயிற்றில் தைத்த இடம் கூடவில்லை. புண் ஆற உடம்பில் ஏதாவது இருக்க வேண்டாமா? தேநீரும் ரொட்டியும் எத்தனை நாளைக்குத் தசை வளர்க்கும்? நரம்பு வழியாகச் சத்து ஏற்றினார்கள். இனி ஏற்றி என்ன, வெள்ளம் தலைக்குமேல் போயிருந்தது. உள்ளே சீழ் வைத்தது, காய்ச்சல் ஏறியது. "இன்னும் கொஞ்சம் தெம்பா இருந்திருந்தா இந்த ஆபரேஷனைத் தாங்கியிருப்பாங்க" என்று டாக்டரம்மா மகளிடம் மெதுவாகச் சொன்னாள். அது அவர் காதிலும் விழுந்தது. "நான் போய் முடிச்சுக் கொண்டாந்துடறேன். பல்லு வந்தா சாப்பிட்டுடுவா, சாப்பிட்டா தேறிடுவா" என்று மகளிடம் சொல்லிவிட்டு வேலை அறைக்கு ஓடினார். அது மருந்தாகாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. செய்ய அவர் கைக்கு வேறு வேலை தெரியாது.

மெழுகை உருக்கி எடுத்து, ஈறுக்கான சிவப்பு மாவைக் குழைத்து அச்சுப் பெட்டியில் அழுத்தி, கொதிநீரில் வைத்திருந்தார். அது வெந்து இறுகி எடுக்கும் முன்னால் போன் அடித்தது. மறுமுனையில் மகள் அழுதாள். அடுப்பை அணைத்துவிட்டு, மாவு அப்பிய கையோடு அவர் படியிறங்கினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் அவள் முகத்தைத் துடைத்து, தலையைச் சீவிவிட்டிருந்தாள். கன்னம் இரண்டும் குழிந்து, வாய் உள்ளே இழுத்துக்கொண்டு, பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தாள். மகளுக்கு அதைத் தாங்க முடியவில்லை. அந்தப் பல்செட் வலித்த கதையை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கட்டிலடி அலமாரியைத் துழாவிப் பழைய டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இதைப் போட்டு விட்டுடலாம்பா. இனிமே எல்லாரும் பாக்க வருவாங்க. அம்மா இப்படியா இருந்தாங்க? அவங்க அழகா சிரிச்ச முகமாப் போகட்டும். எனக்குப் போடத் தெரியாது, நீங்களே போட்டு விடுங்க."

அவர் வாங்கித் திறந்தார். செட் அழகாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் அதைவிட அழகாக அவர் ஒன்றும் செய்ததில்லை. மேல் செட்டை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் அவள் உதட்டைப் பூப்போலத் தூக்கினார். ஈறில் அந்தத் தழும்பு தெரிந்தது.

உதட்டை மெதுவாக மூடிவிட்டார். செட்டைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தார்.

"என்னப்பா?"

"வேணாம்மா" என்றார். "அவளுக்கு வலிக்கும்."